கமலநாதன் கழற்றிய பூட்டு

கமலநாதனுக்கு எங்கள் அலுவலகத்தில் 'டாக்டர் ரீஸ்டார்ட்' என்று பெயர். எந்தக் கணினி நின்றாலும் அவர் முதலில் சொல்வது, "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க லா" என்பதுதான். பாதி நேரம் அது பலிக்கும். மீதி நேரம் மேசைக்கடியில் தலையை விட்டுக்கொண்டு, முட்டி போட்டபடி வயர்களோடு பேசிக்கொண்டிருப்பார்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் அந்த இடம் இருந்தது. செயற்கைக் கால் செய்து தருபவர்கள். பல வருடம் நாடு நாடாகச் சுற்றித் திரும்பி, அடுத்து எங்கே போவது என்று முடிவாகாத ஒரு வருடம் நான் அங்கே முன்மேசையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை வியாதியால், இங்கே சொல்வதுபோல் இனிப்பு நீரால், காலை இழந்தவர்கள். முதலில் ஒரு விரல் போயிருக்கும், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. சக்கர நாற்காலிகள் வாசலில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும்.

கமலநாதன் அங்கே ஸ்டோர் கீப்பராகத்தான் சேர்ந்தார். கணினி நின்றால் எல்லோரும் கத்துவார்கள், அவர் மட்டும் கத்தமாட்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே 'சிஸ்டம்' அவர் தலையில் விழுந்தது. ஒரு மாலை நேர வகுப்பில் படித்தார். சான்றிதழும் வாங்கினார். கிள்ளானில் பண்டமாரான் பக்கத்து அடுக்குமாடியில் வீடு. மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. தினமும் கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் வந்து, நின்றபடியே இரண்டு வடை தின்றுவிட்டு வேலைக்கு வருவார். பெரிய ஆசை எதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. யாரும் தன்னைத் திட்டாமல் ஒரு நாள் முடிந்தால் அவருக்கு அது நல்ல நாள்.

வேலை இரண்டு இடங்களில் நடந்தது. பிரிக்பீல்ட்ஸில் காலை அளந்து, அதன் உருவத்தைக் கணினியில் ஏற்றி, மாதவி அதைத் திருத்துவாள். எங்கே எலும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது, எங்கே தோல் மெலிந்திருக்கிறது என்று விரலால் தடவியே கண்டுபிடிப்பாள். கிள்ளான் பட்டறையில் கிஷன் அந்த உருவத்தை இயந்திரத்தில் கொடுத்து நுரைக்கட்டையில் குடைந்தெடுப்பான். அதன்மேல் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி இழுத்தால், எஞ்சிய காலை உள்வாங்கும் உறை கிடைக்கும். அதை சாக்கெட் என்பார்கள். சாக்கெட் சரியில்லை என்றால் மற்ற எதுவும் சரியில்லை.

எல்லா உருவங்களும் பிரிக்பீல்ட்ஸ் அலமாரிக்குள் இருந்த ஒரே செர்வரில் இருந்தன. இரண்டு ஊர்க் கணினிகளும் அதிலிருந்துதான் திறக்கும். ஒருவர் ஒரு கோப்பைத் திறந்தால், அவர் மூடும்வரை மற்றவர் அதை மாற்ற முடியாதபடி செர்வர் பூட்டிவிடும். அப்படித்தான் முதலில் இருந்தது. ஆனால் கிள்ளானின் இணைய லைன் மழை வந்தால் அறுந்துவிடும். அறுந்தது செர்வருக்குத் தெரியாது. கிஷன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துப் பூட்டியே வைத்திருக்கும். மாதவி இங்கே கத்துவாள், கிஷன் அங்கே கத்துவான். கமலநாதன் செர்வரை நிறுத்தி எழுப்புவார். உடனே மற்ற எல்லோரும் கத்துவார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் பூட்டைக் கழற்றிவிட்டார். மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்ததால், ஒவ்வொரு கணினியும் தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ளும்படியும் மாற்றினார். பூட்டுக்குப் பதிலாக வாட்ஸ்அப் குழுவில் ஒரு விதி. இங்கே பிள்ளைகள் விளையாட்டில் இடம் பிடிக்க "சொப்!" என்று கத்துவார்கள். முதலில் சொன்னவனுக்கு இடம். அதையே வைத்தார். கோப்பை மாற்றப் போகிறவர் குழுவில் 'சொப்' என்று போட வேண்டும். முடித்ததும் 'விட்டாச்சு' என்று போட வேண்டும். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

"சொப் நாகையா. யாராச்சும் கை வச்சா உதை" என்று மாதவி போட்டாள் ஒரு நாள்.

"உதைக்க ஆளுக்கு ஒரு கால் செஞ்சு தரத்தானே இங்க இருக்கோம் அக்கா" என்று கிஷன் பதில் போட்டான்.

நாகையா கிள்ளானை அடுத்த கேரித் தீவிலிருந்து வந்தவர். பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. மருத்துவர் அவரிடமும் அவர் மனைவி இராஜம்மாவிடமும் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: புண் ஆறிவிட்டது, மறுபடி ஒரு புண் வந்தால் முழங்காலையும் எடுக்க வேண்டியிருக்கும். முட்டி இருந்தால் நடக்கலாம், படி ஏறலாம், தோட்டத்தில் எடை நிலையத்திலாவது வேலை கிடைக்கும். முட்டி போனால் அந்த வயதில், அந்த உடம்பில், நாற்காலிதான். முன்மேசையில் என்னிடம் பெயரைப் பதியும்போதே இராஜம்மா, "முட்டியைக் காப்பாத்திக் குடுத்துடுங்கம்மா" என்றார், அது என் கையில் இருப்பதுபோல.

மாதவி அவர் காலைத் தடவியபோது, அடிநுனியில் எலும்பு ஒரு கூர்மையோடு தோலுக்கு அடியில் நிற்பதைக் கண்டாள். அந்த இடத்தில் உருவத்தை மேடாக்கினாள். மேட்டின் மேல் பிளாஸ்டிக்கை இழுத்தால் சாக்கெட்டின் உள்ளே குழிவு விழும், எலும்பு எதையும் தொடாது. மதியம் சேமித்தாள். 'விட்டாச்சு' என்று போட்டாள். எல்லாம் விதிப்படிதான்.

கிஷனும் விதியை மீறவில்லை. எவ்வளவு பெரிய நுரைக்கட்டை வேண்டும் என்று பார்ப்பதற்காக அன்று காலையிலேயே அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தான். மாற்றுகிறவர்தான் சொப் சொல்ல வேண்டும். அவன் பார்க்கத்தான் திறந்தான். கட்டை அளவைக் குறித்தான், வேறு வேலைக்குப் போனான், சாயங்காலம் வந்து மூடினான். மூடும்போது, எதையும் மாற்றாவிட்டாலும் கேட்பதுபோல, நிரல் "சேமிக்கவா?" என்று கேட்டது. எப்போதும்போல ஆம் என்று அழுத்தினான். காலையில் அவன் கணினி எடுத்து வைத்திருந்த, மேடு இல்லாத உருவம், மாதவியுடையதன் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. யாருக்கும் எந்த மணியும் அடிக்கவில்லை.

பெரியவரைக் கோலாலம்பூருக்கு அலைக்கழிக்க வேண்டாம் என்று, செய்து முடித்த காலைக் கிள்ளானிலேயே பொருத்தினார்கள். கிஷன் பொருத்தினான். நாகையா பட்டறையில் ஒரு சுற்று நடந்தார். இராஜம்மா அதைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். வலிக்கிறதா என்று கிஷன் கேட்டதற்கு, "ஒன்னும் தெரியல தம்பி, நல்லாத்தான் இருக்கு" என்றார் நாகையா. உண்மைதான். இனிப்பு நீர் அவருடைய நரம்புகளை எப்போதோ மரத்துப்போகச் செய்திருந்தது. எலும்பு நுனி பிளாஸ்டிக்கில் உரசிக்கொண்டே இருந்தது. அவர் கோயிலுக்கு நடந்தார், பாசாருக்கு நடந்தார், கூட்டாளிகள் வீட்டுக்கெல்லாம் நடந்து காட்டினார். காலுறையில் ஈரம் பார்த்து இராஜம்மா கழற்றச் சொன்னபோது நுனி கறுத்திருந்தது.

செய்தி வந்த அன்று காலையில், மாதவி கோப்பைத் திறந்து, போனை ஒலிபெருக்கியில் போட்டாள். கமலநாதன் பக்கத்தில் நின்றார்.

"கிஷன், நான் மேடு வச்சிருந்தேன்ல, அதைச் சீவிட்டியா நீ?"

"எந்த மேடுக்கா?"

"எந்த மேடா? நுனியில. என் கண்ணு முன்னாடி இருக்கு."

"நானும் அதே ஃபைலைத்தான் திறந்து வச்சிருக்கேன். மழமழன்னு இருக்கு. மேடும் இல்ல, ஒன்னும் இல்ல."

"கண்ணாடி போட்டுப் பாரு டா!"

"நீங்க போடுங்கக்கா. பேரு நாகையா, இடது கால், செர்வர்ல இருந்துதான் எடுத்தேன்."

"நானும் செர்வர்ல இருந்துதான் எடுத்தேன்!"

இருவரும் மாறி மாறி அதையே சொன்னார்கள். ஒரே பெயர், ஒரே இடம், இரண்டு கால்கள். கமலநாதனுக்கு மட்டும் புரிந்துவிட்டது என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். அவர் அலமாரியைத் திறந்து செர்வரின் சொந்தத் திரையில் கோப்பைப் பார்த்தார். மேடு இல்லை. மாதவியின் கணினி தான் வைத்திருந்த நகலையே அவளுக்கு இத்தனை நாளும் காட்டிக்கொண்டிருந்தது. சரியான உருவம் அந்த ஒரு கணினிக்குள் பத்திரமாக, யாருக்கும் பயனில்லாமல் இருந்தது.

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க" என்றார். "நான் பண்ணது."

கிள்ளானில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் நாகையாவின் முட்டியை எடுத்தார்கள். முதலாளி கமலநாதனைக் கூப்பிட்டு, பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார், வாயைத் திறக்காதே என்றார். கமலநாதனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவர் ஒரு வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கட்டிலில் நாகையா சிரித்தார். "என் வாய்தான் தம்பி. கட்டுப்பாடே இல்ல. தேத்தண்ணிக்குச் சீனி வேணாம்னு இவ தலைபாடா அடிச்சுக்கிட்டா. நான் கேக்கல."

"சீனி இல்ல அண்ணே" என்றார் கமலநாதன். "எங்க கம்ப்யூட்டர்ல உங்க கால் ரெண்டு விதமா இருந்துச்சு. சரியானது மேல பழசு ஏறிடுச்சு. ஏறாம இருக்கத்தான் ஒரு பூட்டு இருந்துச்சு. அதை எடுத்தது நான்தான்."

நாகையாவுக்குப் புரியவில்லை. "ரெண்டு விதமான்னா? எனக்கு இருந்தது ஒரு கால் தானே தம்பி?"

கமலநாதன் மறுபடி சொன்னார். மருந்துச் சீட்டின் பின்புறம் படம் போட்டுக்கூடக் காட்டினார். இராஜம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "வேணும்னு செஞ்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"அப்ப நான் யாரைத் திட்டுறது?" என்றார். அவர் அழவில்லை. ஆரஞ்சை உரித்துச் சுளைகளைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே கமலநாதன் பூட்டைத் திரும்பப் போட்டார். நகல்களையும் நிறுத்தினார். மழை பெய்தது, கிள்ளான் லைன் அறுந்தது, கோப்புகள் பூட்டியே கிடந்தன. வாசலில் நாற்காலிகள் கூடின. செராஸிலிருந்து வந்த ஒரு ஆன்டி, மூன்றாவது முறையும் காலில்லாமல் திரும்பிப் போகையில், என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம். நல்ல லைன் போடவும் வேறு செர்வர் வைக்கவும் கமலநாதன் ஓர் ஆளை வரச் சொன்னார். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். முதலாளி யோசிக்கிறேன் என்றார். யோசித்துவிட்டு ஒரு நாள் காலையில் வந்து நின்றார்.

"கமலா, அந்தப் பூட்டை ஆஃப் பண்ணு. வேலை நடக்கணும்."

"மறுபடி ஒரு கால் போச்சுன்னா பாஸ்?"

"இப்ப வெளிய உட்கார்ந்திருக்கிறவங்க பாதிப் பேருக்கு இருக்கிற ஒரு காலும் வீங்கிக் கிடக்கு. நீயே போய்ச் சொல்லு, பூட்டு வேணும்னு."

கமலநாதன் போய்ச் சொல்லவில்லை. பூட்டை எடுத்தார். குழுவில் ஒரு புதிய விதி போட்டார்: பார்க்கத் திறந்தாலும் 'பார்க்கிறேன்' என்று போட வேண்டும், மூடினால் 'பார்த்தாச்சு'. முதல் வாரம் எல்லோரும் ஒழுங்காகப் போட்டார்கள். காலையிலிருந்து மாலை வரை போன் சிணுங்கிக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் ஒவ்வொருவராகக் குழுவின் ஒலியை நிறுத்தினார்கள். போடுவது நிற்கவில்லை. படிப்பதுதான் நின்றது. கமலநாதன் ஒருவரே எல்லாவற்றையும் படித்தார், ரயிலிலும், சாப்பிடும்போதும். இரண்டு பேர் ஒரே கோப்பில் இருப்பது தெரிந்தால் கிள்ளானுக்குப் போன் போடுவார். சில நேரம் கிஷன் எடுப்பான்.

நாகையாவின் புண் ஆறியது. முழங்காலுக்கு மேலிருந்து மாட்டும் கால் ஒன்று செய்யலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை என்று நாள் கொடுத்தேன், வரவில்லை. அடுத்த திங்கள் கொடுத்தேன், அதற்கும் வரவில்லை. மூன்றாவது திங்கட்கிழமைக்கும் அவர் பெயரை எழுதி வைத்தேன். போன் போட்டால் இராஜம்மா எடுத்து, "கேட்டுச் சொல்றேன்மா" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கமலநாதன் என் வீட்டுக்குப் போன் செய்து, கேரித் தீவு வரைக்கும் வர முடியுமா என்று கேட்டார்.

பாலத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனை, வேறெதுவும் இல்லை. நாகையா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கைலியின் ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. எங்களைப் பார்த்ததும், "வாங்க தம்பி, வாம்மா" என்றார். முகத்தில் வருத்தம் இல்லை. இராஜம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"வாங்க அண்ணே, அளந்துடலாம்" என்றார் கமலநாதன். "மாதவி உங்களுக்குன்னே நேரம் ஒதுக்கியிருக்கு. நானே கிள்ளானுக்கும் வந்து பக்கத்துல நிக்கிறேன்."

"நிப்பீங்க. தெரியும்." நாகையா டம்ளரைக் கீழே வைத்தார். "ஒன்னு மட்டும் சொல்லுங்க. இந்தத் தடவை அப்படி ஆகாதுன்னு ஒரு வார்த்தை. நாளைக்கே வரேன்."

இராஜம்மாவும் கமலநாதனைப் பார்த்தார். ஒரு பொய் போதும், மறுநாளே அந்த மனிதரைக் காரில் ஏற்றியிருக்கலாம். கமலநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்துக்கிட்டே இருப்பேன் அண்ணே. ஆனா ஆகாதுன்னு என்னால சொல்ல முடியல."

நாகையா தலையாட்டினார். "அப்ப வேணாம் தம்பி. இதுக்கு மேல வெட்ட என்கிட்ட இடம் இல்ல."

கமலநாதன் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். சீனி போடாத தேத்தண்ணி. காரில் ஏறிப் பாலம்வரை வந்தோம்.

"திங்கட்கிழமைக்கு அவர் பேரை எடுத்துடும்மா" என்றார் பிறகு. "செராஸ் ஆன்டியைப் போடு. அவங்க ரொம்ப நாளா காத்துக்கிட்டிருக்காங்க."