நான் போட்ட சஃபாரித் திட்டம்

ஆப்பிரிக்காவுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது தம்பிதான். பர்மாவில், போட்டாதாங் பேட்டையில் எங்கள் மாடி வீட்டில், கரண்ட் வந்து மின்விசிறி சுற்றத் தொடங்கிய ஒரு சாயங்காலம், கைப்பேசியில் ஒரு யானைக் கூட்டத்தைக் காட்டினான்.

"சின்ன வயசிலேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கியேக்கா. போவமா?"

நான் சிரித்தேன். அம்மா போன பிறகு அவனையும் அப்பாவையும் பார்த்துக்கொண்டதில் என் கல்யாண வயது கடந்திருந்தது. ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். அதிக தூரம் போனது மாந்தலேவரைக்கும்தான். ஆனால் காட்டு மிருகங்களைப் பற்றி ஏதாவது கண்ணில் பட்டால் சோற்றைக்கூட மறந்துவிடுவேன். அது அவனுக்குத் தெரியும்.

"அப்பாவை யாரு பார்ப்பா?"

"தாகேதாவிலேர்ந்து அத்தை வந்து இருக்கேன்னுட்டாங்க. கேட்டாச்சு."

எல்லாவற்றையும் என்னிடமே விட்டான். ஆலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். முதலில் நாலு காடு, ரெண்டு நாடு என்று ஆசைப்பட்டேன். படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, அப்படி ஓடினால் பார்ப்பதெல்லாம் ரோட்டைத்தான். கென்யாவில் மசாய் மாரா ஒன்றே போதும், ஒரே முகாமில் தங்கி, அதே வண்டியில், அதே வழிகாட்டியோடு தினமும் போனால் மிருகங்களின் போக்கு கண்ணுக்குப் பிடிபடும் என்று முடிவு செய்தேன். எல்லோரும் ஆற்றைக் கடக்கும் மாட்டுமான்களைப் பார்க்க முண்டியடிக்கும் மாதங்களை விட்டேன். கருநீல உடுப்பு ஒருவகைக் கடி ஈயை இழுக்கும் என்று அறிந்து, ஸ்காட் மார்க்கெட்டில் மண் நிறத்தில் சட்டைகள் வாங்கினேன். மாராவுக்குப் போகும் சின்ன விமானத்தில் பெட்டி ஏற்ற மாட்டார்கள் என்பதால் துணிப்பை. ஆளுக்கொரு பைனாகுலர், ஏனென்றால் ஒன்றை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் சிறுத்தை போய்விடும். என் சேமிப்பு முழுவதும் இதில் போனது. எனக்கு வருத்தமே இல்லை.

ஒன்றில் மட்டும் அவன் பிடி கொடுக்கவில்லை. மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்ட அட்டை வேண்டும். கென்யாவிலிருந்து திரும்பும்போது, விமானம் மாறும் பாங்காக்கில் கேட்பார்கள்.

"ஊசி இல்லாம திரும்பி வர முடியாதுடா," என்றேன்.

"பாத்துக்கிறேன்க்கா," என்றான். பிறகு ஒரு நாள் போட்டாகிவிட்டது என்றான். நம்பினேன்.

அவன் வயதுப் பையன்களைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எடுக்கும் பயம் வீட்டுக்கு வீடு இருந்த காலம். வெளிநாட்டுக்குப் போகிற ஆண்பிள்ளைகளை ஏர்போர்ட்டில் துருவித் துருவிக் கேட்டார்கள். எங்களையும் நிறுத்தினார்கள். அதிகாரி அவனைத்தான் கேட்டார், பதில் சொன்னது நான். எந்த முகாம், எந்தப் பக்கம் சிங்கக் கூட்டம் இருக்கிறது, யானைகள் எப்போது தண்ணீருக்கு வரும் என்று பர்மிய மொழியில் மூச்சுவிடாமல் சொன்னேன். திரும்பி வரும் டிக்கெட்டைக் காட்டினேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சிங்கத்துக்குப் பக்கத்தில் போகாதீங்க," என்று முத்திரை குத்திக் கொடுத்தார். தம்பியின் நெற்றியில் வியர்வை. காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தேன்.

மாராவில் நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. நினைத்ததற்கு மேலேயே நடந்தது. ஒரு காலையில் வழிகாட்டி எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசாமல் இருக்கச் சொன்னார். புதருக்குள்ளிருந்து யானைகள் ஒவ்வொன்றாக வந்து, எங்கள் வண்டியை ஒரு மரத்தைப்போல எண்ணி இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போயின. ஒரு குட்டி நின்று சக்கரத்தை மோந்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. பெற்ற பிள்ளைக்கு ஒன்றைக் காட்டியதுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பும் நாள் சின்ன விமானத்தில் நைரோபிக்கு வந்து, பெரிய ஏர்போர்ட்டுக்கு டாக்ஸியில் போய்க்கொண்டிருந்தோம்.

"அக்கா, நான் வரல."

"எங்க வரல?"

"வீட்டுக்கு."

பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருவன் இங்கே இருக்கிறானாம். ஒரு கடையில் வேலை, தங்க இடம், எல்லாம் ஏற்பாடாகிவிட்டதாம். சன்னலைப் பார்த்தபடியே சொன்னான்.

"அப்பாகிட்ட நான் என்னடா சொல்லுவேன்?"

"அப்பாவுக்குத் தெரியும்."

"அத்தைக்கு?"

தலையாட்டினான்.

"எனக்கு மட்டுந்தான் தெரியாதா?"

"உனக்குப் பொய் சொல்ல வராதுக்கா. ஏர்போர்ட்ல உன் முகமே காட்டிக் குடுத்துடும். நீ நெசமா சஃபாரிக்குப் போற மாதிரி இருக்கணும்ல."

"நான் நெசமாத்தான்டா போனேன்," என்றேன்.

ஏர்போர்ட் வாசலில் என் பையை இறக்கிக் கொடுத்தான். கட்டிப்பிடிக்க வந்தவனை விலக்கிவிட்டு உள்ளே போனேன். பாங்காக்கில் என் ஊசி அட்டையைக் கேட்டபோதுதான் அவன் ஊசியே போட்டிருக்க மாட்டான் என்று உறைத்தது. திரும்பி வராதவனுக்கு எதற்கு?

வீட்டில் அத்தை கதவைத் திறந்தார். கூடத்தின் ஓரத்தில் அவருடைய இரும்புப் பெட்டி, தையல் மிஷின், சாமி படங்கள். சில நாள் இருந்துவிட்டுப் போகிறவர் கொண்டுவரும் சாமான்கள் இல்லை அவை.

"யாபாடே, யாபாடே," என்று என் தோளைத் தடவினார். பரவாயில்லையாம். யாருக்குப் பரவாயில்லை?

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அவன் உசுரோட இருக்கணும்மா. உன்கிட்ட சொல்லியிருந்தா நீ பயந்துபோய் நின்னுருப்பே. நீ நின்னா அவனும் நின்னுருப்பான்."

"என்னைக் கேட்டுப் பார்த்தீங்களா?"

அவன் தப்பித்ததில் எனக்கும் நிம்மதிதான். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். ஆனால் இந்த மூன்று பேரும் என் எதிரில் உட்கார்ந்து, நான் ஆசை ஆசையாகக் காட்டிய படங்களைப் பார்த்து, "இந்த முகாம் நல்லாருக்கே" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா ஒட்டகச்சிவிங்கி எவ்வளவு உயரம் என்றுகூடக் கேட்டார். என் வாழ்க்கையில் எனக்கென்று நான் கேட்ட ஒரே சந்தோஷம் அது. அதை எடுத்து அவனை மறைக்கும் போர்வையாக ஆக்கிவிட்டார்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கூப்பிடுகிறான். முதல் சில மாதம் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். ஒரு முறை அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு யானை பாத்தப்ப நான் நடிக்கலக்கா," என்றான்.

"சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன். சாப்பிட்டேன் என்றான்.

அத்தை எங்களோடேயே இருக்கிறார். மொஹிங்கா மீன் நூடுல்ஸ் நன்றாகச் செய்வார், அப்பாவுக்கு மாத்திரை தவறாமல் கொடுப்பார். அவர்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அவரும் அப்பாவும் அடுத்த அறையில் குரலைத் தாழ்த்திப் பேசினால், கையிலுள்ள வேலையை அப்படியே விட்டுவிட்டுக் காது கொடுக்கிறேன். மருந்து தீர்ந்ததையோ அரிசி விலையையோதான் பேசிக்கொண்டிருப்பார்கள். தெரிந்தும், பேச்சு முடிகிறவரை அங்கேயே நிற்கிறேன்.