பிள்ளையார் சுழியும் மூன்று புள்ளடியும்

முட்டாள்தனத்தில் எனக்கென்று ஒரு முறை உண்டு. எதைச் செய்யக்கூடாது என்று நாலு பேருக்கு வகுப்பெடுத்துவிட்டு, அதன்பிறகுதான் அதைச் செய்வேன். ஜெர்மன் குடியுரிமை கிடைத்தபின் இந்த நாட்டில் நான் போட்ட முதல் வாக்கு செல்லாத வாக்கு. எங்கள் நகரத்துத் தமிழருக்கெல்லாம் வாக்குப் போடும் விதத்தைக் கரும்பலகையில் கீறிக் காட்டியவனும் நான்தான்.

நான் வெல்லவைக்கப் புறப்பட்ட மனிதர் ஒரு சட்டத்தரணி. கரீபியன் கடலில், வரைபடத்தில் ஒரு ஈ குந்தினால் மறைந்துபோகிற அளவு தீவொன்றில் பிறந்தவர். படிக்க வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு எங்களைப்போல் கோப்பை கழுவுகிறவர்களுக்காக வழக்காடியவர். ஹெசன் மாநிலத்துக் கொச்சை ஜெர்மனை எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவரைவிட நன்றாகப் பேசுவார். என் அகதி வழக்குக்காக முதல் தடவை அவரிடம் போனபோது, என் ஃபைலைத் திறக்கமுன் அவர் கேட்ட கேள்வி:

"யாழ்ப்பாணமோ? அப்ப நீர் பந்து போடுறனீரோ, அடிக்கிறனீரோ?"

நாங்கள் பேசியது ஜெர்மன்தான். என் மொழிபெயர்ப்பில் அவரும் யாழ்ப்பாணத்தானாகிவிடுகிறார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் என்றால் ஏதோ பூச்சி என்று நினைக்கிற நாட்டில் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டோம். நான் பாடசாலை அணிக்குத் தண்ணீர் கொண்டு ஓடியவன் என்பதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அவருக்கு என்னில் ஒரேயொரு குறை. எந்தத் தாளை நீட்டினாலும் என் கை முதலில் தலைப்பில் ஒரு பிள்ளையார் சுழியைப் போட்டுவிடும். குடியுரிமை விண்ணப்பத்திலும் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதென்ன வால்?"

"வாலில்லை. எங்கட யானைமுகக் கடவுள். எதைத் தொடங்கினாலும் முதல் அவர்தான். தடையளை விலத்துவார்."

"அந்த வேலைக்குத்தானே எனக்குக் காசு தாறீர்? அழியும்."

அழித்தேன். அடுத்த தாளில் திரும்பவும் போட்டேன்.

உதைபந்தாட்ட உலகக் கோப்பை ஜெர்மனிக்கு வந்த வருடம், அவர் நகரமன்றத் தேர்தலில் நின்றார். அதுவரை வெளிநாட்டவருக்கான ஆலோசனைக் குழுவில் இருந்தவர். "ஆலோசனை சொல்லிச் சொல்லி என்ர தொண்டை போயிட்டுது. ஒருக்காலாவது கை உயர்த்தி வாக்குப் போட வேணும். இந்த முறை ஏலாட்டி விட்டிடுவன், வயசும் போகுது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மேசையில் கிடந்த பேனா மூடியை அவர் திருகிய திருகலில் சிரிப்பு இல்லை.

கட்சி அவரைப் பட்டியலின் அடியில் போட்டிருந்தது. கிரிக்கெட்டில் சொன்னால், பந்துவீச்சாளருக்கும் பிறகு துடுப்பெடுத்தாட இறக்கிவிட்டிருந்தார்கள். ஆனால் எங்கள் மாநிலத்தில் ஒரு வசதி உண்டு. பிடித்த ஒருவருக்கே மூன்று வாக்குவரை போடலாம்; பெயருக்கு நேரே மூன்று பெருக்கல் குறி, எங்கள் பாஷையில் புள்ளடி. அப்படி வாக்குச் சேர்ந்தால் அடியில் கிடப்பவர் மேலே ஏறிவிடுவார்.

சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை முடிந்ததும் பெற்றோரை மறித்து வகுப்பை ஆரம்பித்தேன். ஓர் அண்ணைக்குச் சந்தேகம்.

"தம்பி, ஊரில விருப்பு வாக்கு மூண்டையும் மூண்டு பேருக்கல்லோ போடுறனாங்கள்? ஒருத்தருக்கே மூண்டு புள்ளடி போட்டா கள்ள வாக்கெண்டு பிடிக்கமாட்டாங்களோ?"

"இல்லை அண்ணை, இஞ்ச அதுதான் சட்டம். ஆனா புள்ளடி மட்டும் போடுங்கோ. கையெழுத்து வேண்டாம், வாழ்த்து வேண்டாம், வேற ஒரு கீறும் வேண்டாம். செல்லாமப் போயிடும்."

என் மனுசி பின்வரிசையிலிருந்து, "வாத்தியார் முதல் தான் பாடமாக்கட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பெருந்தன்மையோடு சிரித்தேன்.

வாக்குச்சீட்டு ஒரு மேசைவிரிப்பு அளவு. மறைப்புக்குள் அதை விரித்து, அவருடைய பெயரைத் தேடிப் பிடித்து மூன்று புள்ளடியும் போட்டேன். மடித்துப் பெட்டிக்குள் தள்ளி, வாசலைத் தாண்டி, சைக்கிள் பூட்டைத் திறந்தபோதுதான் என் விரல்களுக்கு ஞாபகம் வந்தது. மேசைவிரிப்பை விரித்தவுடன், பெயரைத் தேடமுன், அவை வேறொரு காரியம் பார்த்திருந்தன.

வீட்டில் சொன்னேன். மனுசி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

"நான் போட்டது மூண்டு வாக்கு. நீங்கள் கும்பிட்டுட்டு வந்திருக்கிறியள்."

பெயர் பெயராகப் பிரித்துப் போட்ட வாக்குகளை எண்ணப் பல நாள் எடுக்கும். எண்ணுவதை யாரும் போய்ப் பார்க்கலாம். சட்டத்தரணி தினமும் போய்ச் சுவரோரமாக நின்றார். கட்சியின் கடைசி இருக்கைக்கு அவரும் பட்டியலில் இன்னொருவரும் மாறி மாறி முன்னுக்கு வந்துகொண்டிருந்தார்கள். நான் மனுசி பொரித்துத் தந்த ரோல்ஸ் பெட்டியோடு துணைக்குப் போனேன். எங்கள் வாக்குச்சாவடிச் சீட்டுகளை அன்றைக்குத்தான் எண்ணவேண்டுமா?

எண்ணுகிற பெண் ஒரு சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"மேல இதென்ன? நத்தையோ?"

பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "பேனா எழுதுதோ எண்டு பாத்திருப்பினமோ?" கொஞ்ச நேரம் கூடிக் கதைத்தார்கள். பிறகு சீட்டு செல்லாதவற்றின் பக்கம் போனது.

நான் ரோல்ஸ் பெட்டியின் மூடியை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். சட்டத்தரணியின் பார்வை என் காதில் சுட்டது. அந்த நத்தையோடு அவருக்கு எத்தனை வருடப் பழக்கம்! எதற்கும் ஆட்சேபம் தெரிவித்தே பிழைப்பு நடத்திய மனிதர். வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பெட்டிக்குள் கைவிட்டு ஒரு ரோல்ஸை எடுத்து அந்த வாயை அடைத்துக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, சட்டத்தை வளைக்கவும் இல்லை. மென்று முடிக்கும்வரை என்னைப் பார்க்கவுமில்லை.

அடுத்த நாள் பின்னேரம் முடிவு வந்தது. மயிரிழையில் கடைசி இருக்கை அவருக்கு. தாழ்வாரத்து மர வாங்கில் குந்தி, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, அழுகையா சிரிப்பா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் வாய் சும்மா இருந்தால் அது என் வாய் இல்லையே.

"பாத்தியளே, என்ர வாக்குச் செல்லாட்டிலும் பிள்ளையார் காரியத்தை முடிச்சுத் தந்திட்டார்" என்றேன்.

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அவருக்கு இஞ்ச வாக்குரிமை இல்லை."