ஐப்பசிக் கதவு

மழையில் ஊறிய வகுப்பறைக் கதவு தரையைத் தேய்த்தது. "பூமிக்கு இருக்கிற மாதிரி வெள்ளிக் கிரகத்துக்கு ஏன் நகரும் பாறைத் தட்டுகள் இல்லை, மேடம்?" என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கதவு தேய்ந்த அந்தச் சத்தம் என்னை எங்கள் ஊர் இடைசெவல் வீட்டுக்கு இழுத்துப் போய்விட்டது.

கரிசல் மண் கோடையில் ஆட்டுக்கால் இறங்கும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழை குடித்தால் வீங்கும். கதவு நிலை கோணிக்கொள்ளும். வெளியே ஒருவர் தள்ள, உள்ளே ஒருவர் தூக்கிக் கொடுத்தால்தான் எங்கள் வாசல் கதவு திறக்கும்.

எண்பதுகளில் ஓர் ஐப்பசி. படிப்பை நிறுத்தி என்னைக் கட்டிக்கொடுக்க அப்பா முடிவு செய்திருந்தார். கயத்தாற்றிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் தூறலில் நின்றார்கள். அவர்களை வரவேற்க அப்பாவும் அம்மாவும் வெளியே போயிருக்க, நான் சேலை மாற்ற வாசல் கதவைச் சாத்தியிருந்தேன்.

"ஏட்டி, கதவத் தூக்கு! அவிய நனையுதாவ!" என்று அம்மா கத்தினாள்.

"தூக்க மாட்டேன். நான் காலேஜுக்குப் போறேன்."

அப்பா தோளால் முட்டினார். மண் நகர்ந்திருந்தது; கதவு நகரவில்லை. "சகுனம் சரியில்ல அண்ணாச்சி" என்று வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். அப்போதும் நான் தூக்கவில்லை.

"சரிட்டி, படிச்சுத் தொலை" என்று அப்பா சொன்ன பிறகுதான் தூக்கினேன்.

மாணவி காத்திருந்தாள்.

"வெள்ளிக்கு உள்ளேயும் சூடு இருக்கிறது. பாறையில்தான் தண்ணீர் இல்லை. தண்ணீர் புகுந்த பாறை வலுவிழந்து, உடைந்து, நகரும். காய்ந்த பாறை ஒரே மூடியாக இறுகிக் கிடக்கும். அப்படித்தான் நினைக்கிறோம்" என்றேன்.

"இந்தக் கதவை இழைக்கச் சொல்லட்டுமா, மேடம்?"

"அதில் யாரும் கை வைக்கக் கூடாது."