கூபே சித்தரின் வாகனம்

நான் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் மோட்டார் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். நசுங்கிய கார்களின் போட்டோக்களைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று குறிப்பெழுதுவதுதான் என் உத்தியோகம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. போதாக்குறைக்கு, டாக்ஸியில் ஏறி மாட்டுங்காவிலிருந்து செம்பூர் போய்ச் சேர்வதற்குள் வயிற்றைப் புரட்டிவிடும். லோக்கல் ரயிலோடு சரி.

ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. அர்ஜென்டினாவில் எடுத்தது. அமெரிக்காக்காரன் ஆபீஸ் போவதற்காகச் செய்த இரண்டு கதவு கூபே காரை வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, பானெட்டைத் தோல் பெல்ட்டால் இழுத்துக் கட்டி, மலையிலும் மண் ரோட்டிலும் நாள் கணக்கில் பந்தயம் ஓட்டியிருக்கிறார்கள். படத்தில் இருந்த காரின் முகம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. என் மேஜைக்கு வந்திருந்தால் ‘முழு நஷ்டம்’ என்று ஒரே வரியில் மூடியிருப்பேன். ஆனால் அது பந்தயத்தை முடித்துவிட்டு வந்து நிற்கிற கார். அதை ஓட்டியவர் பக்கத்தில் சாய்ந்து நின்று, முகமெல்லாம் கரியாக, ஏதோ ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த ரொட்டிதான் ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு கிளெய்ம் போட்டோவில்கூட யாரும் எதையும் தின்று நான் பார்த்ததில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. இந்தக் கார்களுக்கு அந்த ஊரில் செல்லப் பெயர் கூபேசித்தா. குட்டிக் கூபே என்று அர்த்தம். அமெரிக்கக் கூபேக்களைச் சின்ன மாடலாக ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் கிட் ஆன்லைனில் கிடைக்கும். பந்தயக் கூபேசித்தா கிடைக்காது. கிட்டை வாங்கி நாமேதான் அறுத்து, தேய்த்து, பூசி, மாற்ற வேண்டும். முழுக் கார் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைச்சலாக வரும். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முதல் காரின் மட்கார்டை பிளேடால் அறுத்தபோது, பாங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டயரான என் கணவர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“நன்னாத்தானே இருந்தது. ஏன் அறுக்கறே?”

“அவாளும் அறுத்துட்டுத்தான் ஓட்டினா.”

“அவா பந்தயத்துக்குப் போனா. நீ எங்கே போகப்போறே?”

நான் அறுத்துக்கொண்டே இருந்தேன்.

ஷோகேஸில் வெங்கடாசலபதிக்கும் பேரனின் போட்டோவுக்கும் நடுவில் கார்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அதில் ஒரு சிவப்புக் கூபேசித்தாவின் மேல்தான் எனக்கு உயிர். அதற்குப் பானெட் பெல்ட் கட்ட வேண்டும். கறுப்பு டேப்பை ஒட்டிப் பார்த்தேன், டேப் மாதிரியேதான் இருந்தது. நிஜத் தோலே வேண்டும் என்று தாராவிக்குப் போனேன். ஒரு சந்தில் கைப்பை தைக்கிற பட்டறை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் பாய். போர்டில் தமிழும் இருந்ததால் துணிந்து உள்ளே போய், காருக்கு பெல்ட் வேண்டும் என்றேன்.

“சீட்டு பெல்ட்டா?”

“இல்லை, பானெட்டுக்கு.”

“பானெட்டுக்கு எதுக்கும்மா பெல்ட்டு? மூட மாட்டேங்குதோ?” என்று எழுந்தவர், வாசலைப் பார்த்தார். “வண்டி எங்க நிக்கி? இந்தச் சந்துக்குள்ள வராதே.”

“பையில் இருக்கு” என்று டிபன் டப்பாவைத் திறந்து, பஞ்சு சுற்றிய சிவப்புக் காரை எடுத்து வெட்டுமேஜையில் வைத்தேன்.

அவர் கொஞ்ச நேரம் காரையும் என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குனிந்து, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்து, “என்னத்த வேகம் போகும்?” என்று கேட்டார்.

“இது ஓடாது பாய். சக்கரத்தையெல்லாம் ஒட்டியிருக்கேன்.”

“ஓடாத வண்டிக்கு எதுக்கும்மா பெல்ட்டு கேக்கீய?” என்றார் நிஜமான வருத்தத்தோடு. ஆனாலும் ஆட்டுத்தோலை எடுத்துச் சீவினார். முதல் பட்டை அகலம், இரண்டாவது அறுந்தது, மூன்றாவது தொலைந்தே போனது. நாங்கள் இருவரும் தரையில் குத்தவைத்துத் தேடினோம். கடைசியில் சேமியா அகலத்துக்கு ஒரு பட்டை தேறியது. அதைக் கார்மேல் கட்டிவிட்டு, நிஜ பெல்ட்டை இழுத்துப் பார்க்கிற மாதிரி நகத்தால் சுண்டிப் பார்த்து, “இனி என்ன வேகம் போனாலும் தொறக்காது” என்றார்.

பெல்ட் கட்டும்போது உரிந்த இடத்தில் மறுபடி பெயின்ட் பூசி, காரை உலர்வதற்காகச் சமையலறை மேடையில் வைத்திருந்த நாளில்தான் மூன்றாம் மாடி மாமி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். மாமிக்குக் கோவில் குளம் தவிர, மகான்களில் தனி ஈடுபாடு. ஒருவர் சரிப்படவில்லையென்றால் அடுத்தவரைப் பார்ப்பாள்.

“இது என்னடி, பளபளன்னு?”

“கூபேசித்தா, மாமி.”

மாமியின் கை தானாகக் குவிந்தது. “எந்த ஊர் சித்தர்?”

“சித்தர் இல்லை. தென் அமெரிக்கா...”

“சித்தர்கள்லாம் தெற்குதான்” என்றாள் மாமி. “எனக்குத் தெரியாதா?”

“மாமி, இது கார்.”

“கார்னு தெரியறதேடி. அவரோட வாகனம். பிள்ளையாருக்கு மூஞ்சூறு இல்லையா?” என்று சொல்லி, பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெயின்ட் இன்னும் காயவில்லை. மாமியின் இமையில் சிவப்பு ஒட்டியது. அதைப் பிரசாதம் என்று எடுத்துக்கொண்டு, கறிவேப்பிலையை மறந்து படியேறிப் போய்விட்டாள்.

மாமியின் பெண் நெருளில் இருக்கிறாள். டிரைவிங் டெஸ்ட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கம்பத்தில் இடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தவள். அந்த வாரம் பாஸ் பண்ணிவிட்டாள். மாமி ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்து, காரின் எதிரில் வைத்து, கண்ணீர் மல்க நின்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு மணி ஓயவில்லை.

புதுக் கார் புக் பண்ணியவர்கள் வந்தார்கள். பார்க்கிங் கிடைக்காதவர்கள் வந்தார்கள். சயான் பக்கம் தினம் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்கிற எதிர் விங் டாக்டர், ‘சும்மா பார்க்கத்தான் வந்தேன்’ என்று சொல்லிவிட்டு, போகும்போது தொட்டுக் கும்பிட்டார். வந்த ஒவ்வொருவரிடமும் நான் அர்ஜென்டினா, மண் ரோடு, கூபே என்று முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். பக்தியாகக் கேட்டார்கள். மலையில் பல நாள் ஓடும், மட்கார்டு இல்லாமல் ஓடும், முகம் நொறுங்கினாலும் ஓடும் என்று நான் சொல்லச் சொல்ல, அவர்களுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. ஒருத்தி மட்டும் பிள்ளைக்கு வரன் அமையவில்லை என்று ஆரம்பித்தாள். மாமி அவளைப் பாதியில் நிறுத்தினாள்.

“அதெல்லாம் அவர் டிபார்ட்மென்ட் இல்லை. டூ வீலர், ஃபோர் வீலர் மட்டும் கேளு.”

எனக்குக் கோபம் பெயின்ட்டைப் பற்றித்தான். நான் மெல்லிசாக ஐந்து பூச்சு பூசிய பானெட்டில் குங்குமம் வைத்தார்கள். யாரோ சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் காரின் அளவுக்கு அது ரோட்டில் கிடக்கிற பாறாங்கல். ஓட்டுகிறவர் அதைச் சுற்றிக்கொண்டு போகவே முடியாது. இதைச் சொல்லி நான் இரைந்தபோது என் கணவர், “அப்போ சின்ன எலுமிச்சம்பழமா வைக்கச் சொல்லட்டுமா?” என்றார். கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். கேலி இல்லை. பாங்க்கில் வாடிக்கையாளரிடம் கேட்கிற குரல்தான்.

ஆயுதபூஜை வந்தது. எங்கள் காம்பவுண்டில் அன்றைக்கு எல்லாரும் காரைக் கழுவி மாலை போடுவது வழக்கம். முதல் நாள் மாமி வந்து, எல்லா வண்டிக்கும் முன்னால் சித்தர் வாகனம்தான் போக வேண்டும் என்று பில்டிங் சொசைட்டியில் பேசி முடித்தாகிவிட்டது என்றாள். பில்டிங்கை ஒரு சுற்று, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு.

“மாமி, அதோட சக்கரம் சுத்தாது.”

“சுத்தப் பண்ணேன். ஒனக்குத் தெரியாததா?”

மறுத்திருக்கலாம். ஆனால் சுற்றாத சக்கரத்தைத் தரையில் இழுத்தால் டயர் தேய்ந்து நாசமாகிவிடும். டயர் நான் ரப்பரைத் தேய்த்துத் தேய்த்துச் செய்தது. அன்று முழுக்க உட்கார்ந்து ஒட்டியதையெல்லாம் பெயர்த்தேன். பால்பாயின்ட் ரீஃபிலைக் குழாயாக வைத்து, உள்ளே ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியை அறுத்து நுழைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். மேஜையில் வைத்து விரலால் தொட்டேன். மறுகோடிக்குப் போய் ஊறுகாய் ஜாடியில் முட்டி நின்றது. இன்னொரு தடவை தொட்டேன். இன்னொரு தடவை.

காலையில் காம்பவுண்டே கூடியிருந்தது. பின்னால் பெரிய கார்கள் மாலையோடு வரிசையாக நின்றன. அத்தனைக்கும் முன்னால், தரையில், என் சிவப்புக் கார். பூக்கட்டுகிற நாரில் கயிறு. மாமி நுனியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நடந்தாள். டாக்டர் மணியடித்தார். என் கணவர் முன்னால் போய்க்கொண்டே, “ஹட்டோ, ஹட்டோ, சைட் ப்ளீஸ்” என்று ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்துக் கையை வீசினார். பெரிய கார்கள் முதல் கியரில் உறுமிக்கொண்டு, மாமியின் நடைக்கு ஊர்ந்து வந்தன.

எங்கள் காம்பவுண்டில் கேட் பக்கம் சரிவு. மாமி அங்கே வந்ததும் கயிறு தொய்ந்தது, கார் மாமியை முந்தியது, நார் அறுந்தது. முதலில் அது தயங்கின மாதிரிதான் இருந்தது. அப்புறம் கிளம்பியது. வாட்ச்மேன் காலைத் தூக்கி வழிவிட்டான். பிடித்திருக்கலாம், ஆனால் சாமி வண்டியைக் காலால் நிறுத்துவது எப்படி என்று நினைத்தானாம். கேட்டைத் தாண்டி, நடைபாதையிலிருந்து குதித்து, ரோட்டின் குறுக்கே நேராகப் போனது. ஒரு சிவப்பு பஸ் வந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. பஸ் அதன் மேலே போய்விட்டது. பஸ் கடந்ததும், கூபேசித்தா அதன் சக்கரங்களுக்கு நடுவிலிருந்து அந்தப் பக்கம் வெளியே வந்து, எதிர்சாரிப் பூக்கடையின் சாமந்திக் குவியலில் புகுந்து மறைந்தது.

எல்லாரும் ஓடினோம். நானும் ஓடினேன். டாக்டர் மணியடிப்பதை நிறுத்த மறந்து, அடித்துக்கொண்டே ஓடிவந்தார். பூக்கடைக்காரர் பூவுக்குள் கையை விட்டுக் காரை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

“யாரோட வண்டி இது? உள்ள யாரும் இல்லையே!”

“இருக்கார்” என்றாள் மாமி மூச்சிரைக்க. “ஒங்க கண்ணுக்குத் தெரியாது.”

ஒரு முன்சக்கரம் கோணியிருந்தது. கூரையில் நீளமாக ஒரு கீறல். ஒரு ஹெட்லைட் எங்கே போனது என்று கடைசி வரை தெரியவில்லை. நான் அதைக் கையில் வாங்கிக்கொண்டு நடுரோட்டில் நின்று சிரித்தேன். அழுகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள்.

சாயங்காலத்துக்குள் மாமி விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட்டாள். சித்தர்கள் ஓரிடத்தில் தங்க மாட்டார்கள். அவராகவே நாரை அறுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டார். பஸ்ஸுக்கு அடியில் புகுந்தபோது கூடு மட்டும் வெளியே வந்தது, அவர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். எந்த ரூட் பஸ் என்று சிலர் விசாரித்தார்கள். அதோடு எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. டாக்டர் லிஃப்டில் பார்த்தால், வேலையை விட்டுப் போனவரைப் பற்றிக் கேட்கிற மாதிரி, “தகவல் ஏதும் உண்டா?” என்பார்.

நிம்மதியாக இருந்தது. இரண்டு மூன்று நாள் கழித்து, காபிக்கு டம்ளர் எடுக்கும்போது கை வழக்கம்போல ஆறேழு எடுத்தது, திரும்ப வைத்தேன். மேஜையில் அடுத்ததாக ஒரு நீலக் கூபே இருந்தது. சக்கரத்தை ஒட்டப் பசையை எடுத்தேன். என் கணவர் பேப்பரை இறக்கினார்.

“ஒட்டாதே” என்றார்.

“ஏன்னா?”

“அந்தச் சரிவுல இதையும் ஒரு தடவை விட்டுப் பார்க்கலாமே. நான் அன்னிக்கு முன்னாடி போயிண்டிருந்தேன். சரியாவே பார்க்கலை.”

அதற்கும் ரீஃபிலும் ஊசியும் பொருத்தினேன். மறுநாள் காலை பால் வருகிற நேரத்தில் இரண்டு பேரும் இறங்கிப் போனோம். அவர் தலையணை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டின் குறுக்கே வைத்தார். வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, “ஆஜ் கோன்ஸே பாபா?” என்று மரியாதையாகக் கேட்டான். இன்றைக்கு எந்த பாபா என்று.

“கோயி நஹி. காலி காடி” என்றார் என் கணவர். யாருமில்லை, வெறும் வண்டி.

வாட்ச்மேன் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டான். ஆனால் உட்காரவில்லை. நான் சரிவின் மேலே நின்று, நீலக் காரைத் தரையில் வைத்து, விரலை எடுத்தேன்.