தேகப்பயிற்சி வாத்தியாரின் தொப்பை

தென்காசியில் குமாஸ்தாவாக இருந்தபோது கடையத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். "காத்தடிச்சா மாப்பிள்ளை நிக்க மாட்டாரு போலிருக்கே" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார் பெண்ணின் அப்பா. ரோஷத்தில் மறுநாளே ஒரு தேகப்பயிற்சி சாலையில் சேர்ந்தேன்.

அங்கே முதலில் ஒரு தொப்பை வந்தது. அதன் பின்னால் வாத்தியார் வந்தார். பனியன் அதைப் பாதிதான் மூடியிருந்தது. நாங்கள் தண்டால் எடுக்க, அவர் நாற்காலியில் சாய்ந்து உளுந்தவடையைக் கடித்துக்கொண்டே எண்ணுவார். வாயில் வடை இருந்தால் எண்ணிக்கை நின்றுவிடும். அவர் விழுங்கி முடிக்கும் வரை கை நடுங்க அந்தரத்தில் கிடப்போம்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "வாத்தியாரே, நீங்க தண்டாலே எடுக்க மாட்டீங்களா?"

"ஏலே, எந்தக் கண்டக்டராவது டிக்கெட்டு வாங்குதானாலே?" என்றார்.

சாரல் தொடங்கியதும் எங்களைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். பேரருவியில் கூட்டமான கூட்டம். மார்பை விரித்துக்கொண்டு நுழைந்த மூத்த சீடர்களைக் கூட்டம் நெட்டி வெளியே தள்ளியது. வாத்தியார் தொப்பையை முன்னே விட்டு நடந்தார். வழி தானாகத் திறந்தது. நேரே அருவிக்கு அடியில் போய்ப் பாறை மாதிரி நின்றுகொண்டார். அவர் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போன எனக்கும் இடம் கிடைத்தது.

"பாத்தியாலே! செஞ்ச பயிற்சி வீணாப் போவுமா?" என்று திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

யார் செய்த பயிற்சி என்று கேட்க வாயைத் திறந்தேன். தண்ணீர் புகுந்து அடைத்துவிட்டது. ஆனால் அந்தத் துண்டை மட்டும் நான் விடவில்லை.