தமாயோ வீட்டுப் பக்கத்துப் பீலி

எங்கள் ஊரில் மழை பெய்யாத நாளைத்தான் எல்லோரும் அதிசயமாகப் பேசுவார்கள். மலையிலிருந்து மேகம் இறங்கித் துறைமுகத்தில் உட்கார்ந்துவிட்டால் எது கடல், எது தெரு, எது தூக்கம் என்றே தெரியாது. இப்படிப்பட்ட ஊரில் என் தம்பி சேக்கோ இசாமுவுக்குப் பீலி மாட்டும் தொழில். கூரை ஓரத்தில் வழியும் தண்ணீரைப் பீலியில் பிடித்து, இறக்குக் குழாய் வழியாகத் தரைக்குக் கொண்டுபோய் விடவேண்டும். முப்பத்தைந்து வருடமாக அதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது. பேசக்கூடத் தெரியாது.

யாராவது வந்து பீலி வேண்டும் என்று கேட்டால் உடனே ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டான். "மழை வரட்டும்" என்பான். மழை வந்ததும் அந்த வீட்டுக்குப் போய், கூடத்துப் பாயில் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவான். எந்த மூலையில் தண்ணீர் கனத்து விழுகிறது, காற்று அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று காதாலேயே பார்ப்பான். வீட்டுக்காரர்கள் தேநீரை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். சில சமயம் அப்படியே தூங்கியும் போவான். ஒருமுறை அவனோடு சேர்ந்து அந்த வீட்டுக் குடும்பமே தூங்கிவிட்டது. எழுந்ததும் கூரையின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு, "முன்பக்கம் அரைவட்டப் பீலி, நூத்தி இருபது மில்லிமீட்டர் அகலம் போதும். பின்பக்கம் சதுரப் பீலி, குழாய் ரெண்டு" என்பான். கம்பெனி அட்டவணை மணிக்கு நூறு மில்லிமீட்டர் மழைக்குக் கணக்குப் போட்டிருக்கும். இவன் எங்கள் ஊருக்கு நூற்றைம்பது என்று வைத்துக்கொள்வான். அவன் மாட்டிய பீலி எதுவும் வழிந்ததில்லை, எங்கள் வீட்டுப் பீலியைத் தவிர.

அதிலும் தெற்குப் பக்கம் மட்டும்தான். அந்தப் பக்கம் தமாயோவின் வீடு இருக்கிறது. இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு கை நீட்டும் அளவு சந்துதான். தமாயோ பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள், கணவனை இழந்தவள், சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள். எங்கள் கூரையின் இரண்டு சரிவுகள் அவள் பக்கத்தில்தான் வந்து சேர்கின்றன. பாதிக் கூரையின் தண்ணீர் கொட்டும் அந்த இடத்தில் என் தம்பி வைத்திருந்தது எழுபத்தைந்து மில்லி. வாசலுக்கு மேல் நீட்டியிருக்கும் சின்னக் கூரைக்குப் போடுகிற அளவு அது.

நம் கூரைத் தண்ணீர் அடுத்தவர் இடத்தில் விழுந்தால் எங்களுக்கு அதைவிட மானக்கேடு கிடையாது. ஆகவே ஒவ்வொரு பெருமழைக்கும் மறுநாள் காலை இசாமு தலைவாரி, பொதிந்து கட்டிய இனிப்புப் பெட்டியோடு போய் அவள் வாசலில் குனிந்து மன்னிப்புக் கேட்பான். அவள் "ஐயோ, இதுக்கெல்லாம் எதுக்குங்க" என்று வாசல்படியிலேயே உட்காரவைத்துத் தேநீர் தருவாள். அரைமணி நேரம் கழித்து, காது சிவந்து திரும்பி வருவான். ஒன்பது வருடம் இதே கதை. மேகம் கறுத்தால் இனிப்புக் கடைக்காரர் கேட்காமலே பெட்டியை எடுத்து வைத்துவிடுவார்.

"ஏண்டா, ஊருக்கெல்லாம் அளவெடுக்கறியே, நம்ம வீட்டுக்கு எப்ப?" என்பேன்.

"பார்க்கலாம்க்கா."

"ஒம்பது வருஷமா பார்த்துக்கிட்டே இருக்க."

எனக்கு என்ன, கண் தெரியாதா? புருஷன் வீட்டை விட்டு வந்ததிலிருந்து அவனுக்கு ஆக்கிப் போடுகிறவள் நான். அந்தக் காது எதற்குச் சிவக்கிறது என்று எனக்குத் தெரியும். கோபமாகவும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இந்த வருடம் ஜூன் மழையின்போது தமாயோவின் மகன் நகோயா நகரத்திலிருந்து வந்தான். சமையலறைப் பலகையைப் பெயர்த்துப் பார்த்திருக்கிறான். எங்கள் பக்கத்துச் சுவரைத் தாங்கும் மர அடிக்கட்டை அழுகி, தொட்டால் விரல் உள்ளே போயிருக்கிறது. எங்கள் வாசலுக்கு வந்து நின்றான். சண்டை போடுவான் என்று நான் வாயைத் தயார் செய்துகொண்டேன். அவனோ குனிந்து, "எங்க வீடு பழசு, அதான் ஈரம் தாங்கலை. உங்களுக்கும் சங்கடம், மன்னிச்சுக்கங்க" என்றான். தண்ணீர் விட்டது நாங்கள், மன்னிப்புக் கேட்பது அவன். பிறகு மெதுவாகச் சொன்னான்: "இன்னொரு புயல்காலம் இப்படியே போனா வீட்டை வித்துட்டு அம்மாவை நகோயாவுக்குக் கூட்டிட்டுப் போயிடறதா இருக்கேன்."

அவன் போனபிறகு இசாமு சந்தில் போய் நனைந்துகொண்டு நின்றான். நான் குடையோடு போனேன்.

"இப்ப என்னடா பண்ணப் போற?"

"மாத்தறேன்."

"மாத்திட்டா?"

"மாத்திட்டா அங்க போறதுக்கு வேலை இல்லை. அவ்வளவுதான்க்கா."

அத்தனை வருடத்தில் அவன் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

இரண்டு நாள் கூடத்தில் பீலித் துண்டுகளைப் பரப்பிவைத்து, அவற்றுக்கு நடுவில் படுத்துக்கிடந்தான். வெளியே தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. நான் மீன் காயவைக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்து கண் சொக்கிக் கிடந்தேன். நேரம் நகர்ந்ததா என்றே தெரியவில்லை. ஒரு நூற்றிருபது மில்லித் துண்டை எடுத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.

"இதைப் போட்டா வருஷத்துக்கு ஒரு தரம் வழியும்" என்றான்.

"அப்ப அதையே போடேன். ஒரு தரம்னா கட்டை தாங்கும்."

"கட்டை தாங்கும். நான்தான் தாங்கமாட்டேன்."

அகலமான சதுரப் பீலியை எடுத்து வைத்தான். வழக்கமாக ஒன்றரை அடிக்கு ஒன்றாக மாட்டும் கொக்கியை ஒரு அடிக்கு ஒன்றாக வைத்தான். நூல் கட்டிச் சரிவு பார்த்தான். இரண்டு முனையிலும் குழாய். அவள் வீட்டு அடிக்கட்டையையும் தன் செலவில் தச்சரை வைத்து மாற்றிக் கொடுத்தான்.

வேலை தொடங்குமுன் அக்கம்பக்கத்தில் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஆளுக்கொரு கைத்துண்டு கொடுப்போம். அன்று தமாயோ அதை இசாமுவிடம் வாங்கிக்கொண்டு, இன்னும் மாட்டாமல் கீழே கிடந்த பீலியைப் பார்த்தாள்.

"அவ்வளவு பெரிசா?"

"ஆமாங்க."

"ஒரு சொட்டுகூட விழாதா?"

"விழாது."

அவள் துண்டை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பரில் புயலின் வால் எங்கள் ஊரைத் தொட்டது. மத்தியானம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. ஆனால் தெற்குச் சந்தில் சத்தமே இல்லை. குழாய்க்குள் மட்டும் யாரோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே போவதுபோல் இருந்தது. அதைக் கேட்டபடியே நான் தூங்கினேன், விழித்தேன், மறுபடி தூங்கினேன்.

காலையில் இசாமு பழக்கத்தில் தலைவாரிவிட்டான். பிறகு வாசல்படியில் ஒரு காலில் மட்டும் செருப்போடு உட்கார்ந்திருந்தான்.

"போடா" என்றேன்.

"என்னன்னு சொல்லிப் போறது? ஒண்ணும் விழலையே."

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. "ஒம்பது வருஷமா மழைக்குத்தாண்டா மன்னிப்புக் கேட்டிருக்க. தெரிஞ்சே அவ வீட்டை அழுகவிட்டியே, அதுக்குக் கேட்டியா? போய் அதைச் சொல்லு."

வெறுங்கையோடு போனான். நான் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"தமாயோ சான், அந்தப் பழைய பீலி... சின்னதுன்னு தெரிஞ்சேதான் வச்சிருந்தேன். வேணும்னேதான்." அவன் குரல் தரையைப் பார்த்து வந்தது.



"தெரியும்" என்றாள் அவள்.

"எப்போலேர்ந்து?"

"ரெண்டாவது வருஷத்துலேர்ந்து. எங்க வீட்டுக்கும் நீங்கதானே கண்ணை மூடி உட்கார்ந்து அளவெடுத்தீங்க? அப்படி அளக்கறவருக்குத் தன் வீட்டுல மட்டும் தப்புமா?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லலை? கட்டை அழுகிப்போச்சே."

"சொன்னா நீங்க சரி பண்ணியிருப்பீங்களே."

நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அரிசி அளக்கப் போனேன். வழக்கம்போல் எனக்கும் அவனுக்குமாக இரண்டு பேருக்கு எடுத்தேன். பிறகு யோசித்து, அவன் பாதியைத் திரும்ப அரிசிப் பானையிலேயே போட்டேன்.