தேவயானியின் முழங்கால்

மானாம்பதி உழவர் குடும்பத்துப் பெண் தேவயானி ஆறடிக்கு மேல் வளர்ந்தவள். அந்த உயரத்திற்காகவே காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்று, பந்தையே தொட்டறியாத அவளுக்குக் கூடைப்பந்து ஒதுக்கீட்டில் இடமும் விடுதியும் தந்தது. ஈராண்டுகளாக அவளுக்கு ஒரே வேலை: வளையத்தின் அடியில் கைகளை உயர்த்தி நிற்பது. பந்தைத் தட்டிக்கொண்டு களம் முழுவதும் ஓட அவளுக்கு ஆசை. பயிற்சியாளர் வேதகிரி விடமாட்டார்.

"ஓட்றதுக்குக் குள்ளப் பொண்ணுங்க கீறாங்க. ஆட்டத்த சொல்லித் தரலாம். ஒசரத்த சொல்லித் தர முடியுமா?"

வீட்டிலோ அதே உயரம் குற்றம். சென்ற ஞாயிறன்று திருப்புட்குழியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தாய் சுலோச்சனா புடவையைத் தரையில் புரளும்படி தாழ்த்திக் கட்டிவிட்டாள்.

"உள்ள முட்டிய மடக்கிக்கினு நில்லு. யாருக்குத் தெரியப் போவுது?"

மாப்பிள்ளையின் அக்காள் தம்பியையும் தேவயானியையும் அருகருகே நிறுத்திப் பார்த்தாள். தொடை நடுங்க, தேவயானி அவன் காது மட்டத்தில் நின்றாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

"காலேஜ்ல வச்சிக்கிற வரைக்கும் படி. அனுப்பிட்டாங்கன்னா தையில கண்ணாலம்," என்றாள் சுலோச்சனா.

"கண்ணாலத்துக்கு அப்பால முட்டிய இன்னாம்மா பண்றது?"

"ஒக்காந்துக்கினே இரு."

மறுநாள் கல்லூரிக்குத் திவ்யா என்றொரு புதியவள் வந்திருந்தாள். தேவயானியைவிட உயரம். அணியில் உயரமானவர்களுக்கு இரண்டே இடங்கள். ஒன்று திவ்யாவுக்கு, மற்றதற்குத் தேவயானிக்கும், நன்றாக ஆடத் தெரிந்த கல்பனாவுக்கும் போட்டி. இடம் கிடைக்காதவள் கல்லூரியைவிட்டே போக வேண்டும். வேதகிரி இருவரையும் சுவரோரம் நிறுத்தி அளந்தார். சுற்றிலும் பத்துப் பேர் உற்றுப் பார்த்தார்கள். தொளதொளத்த காற்சட்டைக்குள் தேவயானியின் முழங்கால்கள் தாமாகவே மடங்கின.

"இன்னாம்மா, ஊருக்குப் போய் சுருங்கி வந்துகீறே? கல்பனாவுக்கே கம்மி. அப்ப நீ கெளம்பு."

எல்லாரும் சிரித்தார்கள். தேவயானிக்குத் தை மாதம் கண்முன் வந்து நின்றது.

"இன்னொரு வாட்டி அளங்க சார்."

நிமிர்ந்தாள். சுவரில் கல்பனாவின் உயரத்துக்குப் போட்டிருந்த கோட்டை அவள் தலை தாண்டியது. கல்பனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சரி, இரு. மேட்ச்ல திவ்யா ஆடட்டும். அவ பழக எதிர்ல ஒரு ஆள் வேணும். நீ கைய தூக்கிக்கினு நில்லு, போதும்."

"எத்தினி நாளைக்கு சார்?"

"படிப்பு முடியற வரைக்கும்."

தேவயானி வளையத்தின் அடிக்குப் போய்க் கைகளை உயர்த்தினாள். திவ்யா பந்தோடு ஓடிவந்து மோதினாள், மீண்டும் ஓடிவந்தாள். கல்பனா வெளிவாசலைக் கடந்து போவது ஓரக்கண்ணில் தெரிந்தது. தேவயானி திரும்பவில்லை. திரும்பினால் கை தாழ்ந்துவிடும்.